எறிந்த கல்லும் இருபடிச் சமன்பாடும்



கித்தா மரத்தின் காய்கள் முற்றி வெடிக்கும் பருவத்தில் தோட்டத்து லயங்களில் குடியிருந்தவர்களுக்கு ஓர் ஓசை நன்கு பழக்கமானது. உச்சி வெயிலில் மரத்தில் 'டப்' என்று ஒரு வெடி. ஓரிரு விநாடி கழித்துத் தகரக் கூரையின் மேல் 'டங்' என்று கொட்டை விழும் சத்தம். பிள்ளைகள் ஓடிப்போய்ப் பொறுக்குவார்கள். அந்த இரண்டு ஓசைகளுக்கும் இடையில் கொட்டை வானத்தில் ஒரு பாதை வழியாக வந்து சேருகிறது. அந்தப் பாதை எப்படிப்பட்டது? நேர்க்கோடா, வட்டத்தின் ஒரு துண்டா, வேறு ஏதேனும் வடிவமா? கேட்பதற்கு எளிய கேள்விதான். ஆனால் மனிதன் கல்லெறியத் தெரிந்துகொண்டு எத்தனையோ ஆயிரம் ஆண்டுகள் ஆன பின்பும் இதற்குச் சரியான விடை கிடைக்கவில்லை. விடை கிடைத்து இன்னும் 420 ஆண்டுகள்கூட நிறையவில்லை.

இன்னொரு புறம் பாருங்கள். நான்காம் படிவத்துக்குப் போன நம் வீட்டுப் பிள்ளை கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் 'பெர்சமாஆன் குவாட்ராதிக்' என்று ஒரு பாடம் வருகிறது. தமிழில் இருபடிச் சமன்பாடு என்கிறோம். தெரியாத ஓர் எண்ணையும், அதே எண்ணை அதனாலேயே பெருக்கி வரும் வர்க்கத்தையும் சேர்த்துக் கட்டிய கணக்கு அது. "இது எதற்கு அம்மா உதவும்?" என்று பிள்ளை கேட்டால் தாய் என்ன சொல்வாள்? பரீட்சைக்கு உதவும் என்பாள். அந்தப் பதிலோடு பிள்ளையின் ஆர்வமும் அடங்கிவிடுகிறது. அந்தத் தாய்க்கும் பிள்ளைக்குமாகத்தான் இன்றைய பேச்சு. கல்லும் கணக்கும் வெவ்வேறு ஊர்களில் பிறந்து, நெடுங்காலம் ஒன்றையொன்று அறியாமல் இருந்து, பிறகு ஒருநாள் சேர்ந்த வரலாற்றை நாம் காண்போம்.

முதலில் கணக்கின் கதை. இன்றைய ஈராக் நாட்டில் முன்பு பாபிலோனியர் வாழ்ந்தார்கள். அவர்கள் ஈரக் களிமண் பலகையில் நாணல் குச்சியால் அழுத்தி எழுதிக் காயவைத்துவிடுவார்கள். சுமார் 3800 ஆண்டுகளுக்கு முன் அப்படி எழுதிய பலகை ஒன்று இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் முதல் கணக்கு இதுதான்: ஒரு சதுரத்தின் பரப்பையும் அதன் பக்கத்தையும் கூட்டினேன், முக்கால் வந்தது, பக்கம் எவ்வளவு? விடை அரை. அரையை அரையால் பெருக்கினால் கால். காலும் அரையும் முக்கால். சரியாக இருக்கிறது அல்லவா? இதுதான் இருபடிச் சமன்பாடு. வயல் அளந்தவர்களும் கணக்குப்பிள்ளைகளும் பழகிய ஊரில் பிறந்த கணக்கு. அதில் பாய்கிற கல்லும் இல்லை, பறக்கிற குண்டும் இல்லை.

இந்தியாவில் இராஜஸ்தானத்துப் பின்மால் ஊரைச் சேர்ந்தவராகச் சொல்லப்படும் பிரம்மகுப்தர், கி.பி. 628இல் எழுதிய தம் நூலில் இவ்வகைக் கணக்குகளுக்குப் பொது விதி ஒன்றைத் தந்தார். அதோடு நில்லாமல், இருப்பையும் கடனையும் கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் விதி சொன்னார். இருப்பு என்பது நேர் எண், கடன் என்பது எதிர் எண். கடையில் பற்று வைத்துப் பழகிய குடும்பங்களுக்கு எதிர் எண்ணைப் புதிதாக விளக்க வேண்டுமா என்ன? இந்தக் கடன் எண்ணைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். பின்னால் அது நம்மிடம் திரும்பி வரும்.

அடுத்து பாக்தாத் நகரம். ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே அல்குவாரிஸ்மி என்ற பேரறிஞர் இருந்தார். அவருடைய நூலின் பெயரில் வரும் 'அல்ஜபர்' என்ற அரபுச் சொல்லே இன்று அல்ஜீப்ரா என்று உலகெங்கும் வழங்குகிறது. பாகப்பிரிவினை, வாணிபம், நில அளவை, வாய்க்கால் வெட்டுதல் முதலியவற்றுக்கு உதவவே இதை எழுதுகிறேன் என்று அவரே சொல்லிவிட்டார். அவர் போட்டுக் காட்டிய புகழ்பெற்ற கணக்கு ஒன்றை நாமும் போட்டுப் பார்ப்போம். காகிதம் வேண்டாம், மனத்தில் ஒரு காய்கறிப் பாத்தியை நினைத்துக்கொண்டால் போதும்.

நம் வீட்டுக்குப் பின்னால் சதுரமான ஒரு பாத்தி இருக்கிறது. அதன் பக்கம் தெரியாது. அதன் கிழக்குப் பக்கத்தில் 5 அடி அகலத்துக்கு ஒரு பட்டையும், தெற்குப் பக்கத்தில் 5 அடி அகலத்துக்கு ஒரு பட்டையும் சேர்த்துக் கொத்திவிட்டோம். இப்போது மொத்தப் பரப்பு 39 சதுர அடி. பழைய பாத்தியின் பக்கம் எவ்வளவு? படத்தைக் கவனியுங்கள். பட்டைகள் இரண்டும் சேர்ந்த பின் தென்கிழக்கு மூலையில் மட்டும் ஓர் இடம் விட்டுப்போயிருக்கும். அது ஐந்துக்கு ஐந்து, அதாவது 25 சதுர அடி. அந்த மூலையையும் கொத்திச் சேர்த்தால் 39உம் 25உம் 64. இப்போது முழுவதும் ஒரே பெரிய சதுரம். எந்த எண்ணை அதனாலேயே பெருக்கினால் 64 வரும்? எட்டு. அதில் 5 அடி நாம் சேர்த்தது. ஆகவே பழைய பாத்தியின் பக்கம் 3 அடி. மண்வெட்டி பிடித்த கைக்கு இது ஒரு கணக்கே அன்று. பள்ளியில் வர்க்கத்தை நிறைவாக்குதல் என்று சொல்லித் தருவது இந்த மூலை கொத்துகிற வேலையைத்தான்.

இனிக் கல்லின் கதைக்கு வருவோம். அங்கே நிலைமை இத்தனை நன்றாக இல்லை. எறிந்த பொருள் ஏன் பறக்கிறது என்பதற்குக் கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டில் ஒரு விளக்கம் தந்திருந்தார். கையை விட்டுப் போன கல்லைச் சுற்றியுள்ள காற்றுத்தான் தள்ளிக்கொண்டு போகிறது என்றார். பளுவான பொருள் வேகமாக விழும், இலேசானது மெதுவாக விழும் என்றும் சொன்னார். பெரியவர் சொல்லிவிட்டாரே என்று ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகள் பெரும்பாலோர் அதையே ஓதிக்கொண்டிருந்தார்கள். இடையிடையே மறுத்துப் பேசியவர்கள் இருந்தார்கள். ஆனால் அவர்களும் அளந்து காட்டவில்லை.

இந்த இடத்தில் நாம் ஓர் ஏழைப் பையனைச் சந்திக்க வேண்டியிருக்கிறது. இத்தாலி நாட்டில் பிரெசியா என்றொரு நகரம். 1500ஆம் ஆண்டையொட்டி அங்கே நிக்கோலோ என்ற பையன் பிறந்தான். தகப்பனார் குதிரையில் தபால் கொண்டு செல்பவர். மகன் சிறுவனாக இருக்கும்போதே அவர் இறந்துபோனார். குடும்பம் வறுமையில் விழுந்தது. 1512இல் பிரெஞ்சுப் படை நகரத்தைச் சூறையாடியது. மக்கள் தேவாலயத்துக்குள் ஓடி ஒளிந்தார்கள். அங்கும் படைவீரர்கள் புகுந்தார்கள். ஒரு வீரன் வாளால் வெட்டியதில் அந்தப் பையனின் தாடையும் வாயும் பிளந்தன. வைத்தியருக்குக் கொடுக்கக் காசில்லாத தாய், நாய் தன் காயத்தை நக்கி ஆற்றிக்கொள்வதைப் பார்த்து, அதே வழியில் மகனின் புண்ணை ஆற்றினாளாம். அவரே பிற்காலத்தில் எழுதி வைத்த செய்தி இது. பையன் பிழைத்தான், ஆனால் பேச்சுத் திக்கியது. ஊரார் 'தார்தாலியா' என்று கூப்பிட்டார்கள். திக்குவாயன் என்று பொருள். அவர் அந்தக் கேலிப் பெயரையே தம் பெயராக வைத்துக்கொண்டு, தம் நூல்களின் முகப்பிலும் அச்சிட்டார்.

பதினான்கு வயதில் எழுத்துப் படிக்க ஓர் ஆசிரியரிடம் போனார். சம்பளத்தைத் தவணையாகக் கட்ட வேண்டும். எழுத்து வரிசையில் 'கே' வரை வந்தபோது பணம் தீர்ந்துவிட்டது. மீதி எழுத்துகளைத் தாமாகவே கற்றார். அதன்பின் தமக்கு வேறு ஆசிரியர் இல்லை என்கிறார். இப்படி வளர்ந்தவர் கணக்கு ஆசிரியராகி, 1535இல் வெனிஸ் நகரில் ஒரு போட்டியில் கலந்துகொண்டார். இருவர் ஒருவருக்கொருவர் முப்பது கணக்குகள் கொடுப்பது. யார் அதிகம் போடுகிறாரோ அவர் வென்றவர். எதிராளி கொடுத்தவை இருபடியையும் தாண்டிய முப்படிச் சமன்பாடுகள். தார்தாலியா அதற்குரிய வழியைக் கண்டுபிடித்து அனைத்தையும் போட்டு வென்றார். அந்த வழியைப் பின்னர் வேறொருவர் வெளியிட்டதால் எழுந்த சண்டை ஒரு தனிக்கதை. அதற்கு இன்று நேரமில்லை.

நமக்கு வேண்டியது அவர் செய்த இன்னொரு வேலை. 1531இல் வெரோனா நகரில் இருந்தபோது பீரங்கி சுடும் நண்பர் ஒருவர் அவரிடம் கேட்டார்: பீரங்கியை எந்தச் சாய்வில் வைத்துச் சுட்டால் குண்டு மிகத் தொலைவு போகும்? தார்தாலியா யோசித்து, தரைக்கும் செங்குத்துக்கும் நட்டநடுவில், அதாவது 45 பாகையில் என்றார். வேறொரு பீரங்கிக்காரர் அதைவிடத் தாழ்வான சாய்வுதான் சிறந்தது என்று பந்தயம் கட்டினார். சுட்டுப் பார்த்தார்கள். திக்குவாயர் சொன்னதே வென்றது.

பிறகு அவருக்கு மனம் உறுத்தியது. மனிதனை மனிதன் கொல்லும் தொழிலுக்கு நாம் மெருகு ஏற்றுகிறோமே என்று வருந்தி, எழுதி வைத்திருந்த குறிப்புகளை அழித்துவிட்டார். வாள் வெட்டுத் தழும்பை முகத்தில் தாங்கியவருக்கு அந்த வருத்தம் இல்லாமலா இருக்கும்? ஆனால் துருக்கிச் சுல்தானின் படையெடுப்பு வரப்போகிறது என்ற அச்சம் பரவியதும் மனம் மாறி, 1537இல் 'நோவா சியென்தியா', அதாவது 'புதிய அறிவியல்' என்ற நூலை வெளியிட்டார். எறிபொருளின் இயக்கத்தைக் கணிதத்தால் ஆராய முனைந்த முன்னோடி நூல் அது.

அந்த நூலில் குண்டின் பாதையை அவர் எப்படி வரைந்தார் தெரியுமா? முதலில் ஒரு நேர்க்கோடு. பிறகு வட்டத்தின் ஒரு துண்டு. கடைசியில் செங்குத்தாகக் கீழே விழும் ஒரு நேர்க்கோடு. மூன்றும் ஒட்டுப்போட்டது போல. முழுக்க நேரான பகுதி உண்மையில் எங்குமே இல்லை என்பது அவருக்கே தெரியும். 1546இல் வெளிவந்த அடுத்த நூலில் அதை வற்புறுத்தியும் இருக்கிறார். இருந்தும் சரியான வளைவு அவர் கைக்கு அகப்படவில்லை.

இங்கேதான் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். ஐரோப்பாவில் அவரைவிடச் சமன்பாடு தெரிந்தவர்கள் அன்று ஓரிருவர் இருந்தால் அதிகம். பீரங்கியைப் பற்றி ஆழமாக யோசித்தவரும் அவரே. ஒரு கையில் சமன்பாடு, மறு கையில் குண்டு. இரண்டையும் சேர்க்க அவரால் முடியவில்லை. அவருக்குக் கணக்கில் குறைவு ஒன்றுமில்லை. குறைவாக இருந்தது வேறு: விழுகிற பொருள் முதல் விநாடியில் எவ்வளவு விழுகிறது, இரண்டாம் விநாடியில் எவ்வளவு என்று ஒருவரும் அளந்து பார்க்கவில்லை. அளவு இல்லாமல் கணக்கை எங்கே கொண்டுபோய்ப் பொருத்துவது? தார்தாலியா 1557இல் வெனிஸில் காலமானார்.

அவர் இறந்து ஏழு ஆண்டுகளில், 1564இல், பீசா நகரில் கலிலியோ பிறந்தார். தந்தை இசை வல்லுநர். கலிலியோ பதுவா பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்த காலத்தில் இந்த அளக்கும் வேலையில் இறங்கினார். நேராக விழும் பொருள் கண் இமைப்பதற்குள் தரைக்கு வந்துவிடுகிறது. அதை அளக்கத் தக்க கடிகாரம் அப்போது இல்லை. ஆகவே அவர் ஒரு தந்திரம் செய்தார். நீண்ட மரச்சட்டத்தில் வழவழப்பான பள்ளம் வெட்டி, அதைச் சற்றே சாய்த்து வைத்து, வெண்கலக் குண்டை அதில் உருட்டிவிட்டார். உருளுவதும் ஒருவகை விழுதல்தான், மெதுவான விழுதல். நேரத்தை அளக்க ஒரு பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி, அடியில் மெல்லிய குழாய் வைத்து, குண்டு உருளும் நேரத்தில் ஒழுகிய தண்ணீரைப் பிடித்துத் தராசில் நிறுத்தார். ஸ்டோரில் வெட்டுப் பால் நிறுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். கலிலியோ நிறுத்தது காலத்தை!

கிடைத்த விடை அழகானது. முதல் கால அளவில் ஒரு பங்கு தூரம் போனால், இரண்டாவதில் மூன்று பங்கு, மூன்றாவதில் ஐந்து, நான்காவதில் ஏழு. கூட்டிக்கொண்டே போனால் 1, 4, 9, 16. இவை யாவும் வர்க்க எண்கள். அதாவது விழுந்த தூரம் காலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வயலிலும் பாத்தியிலும் இருந்த அந்தப் பழைய வர்க்கம், விழுகிற கல்லுக்குள்ளும் ஒளிந்திருந்தது.

இன்னொன்றையும் கண்டார். ஓடும் இரயிலில் உட்கார்ந்து ஓர் எலுமிச்சம் பழத்தை மேலே போட்டால் அது பின்னால் இருப்பவர் மடியில் விழுவதில்லை. நம் கைக்கே வருகிறது. பழம் மேலும் கீழும் போவது ஒரு கணக்கு, இரயிலோடு முன்னால் ஓடுவது ஒரு கணக்கு. ஒன்றின் விவகாரத்தில் மற்றது தலையிடுவதில்லை. கலிலியோ காலத்தில் இரயில் ஏது? அவர் ஓடும் கப்பலைச் சொன்னார். மேசை விளிம்பிலிருந்து குண்டுகளை உருட்டிவிட்டு, அவை தரையில் எங்கே விழுகின்றன என்று அளந்த அவருடைய கையெழுத்துத் தாள்கள் இன்றும் புளோரன்ஸ் நகர நூலகத்தில் உள்ளன. அவை 1608ஆம் ஆண்டை ஒட்டியவை. பக்கவாட்டில் ஒரே சீரான ஓட்டம், கீழ்நோக்கிக் காலத்தின் வர்க்கம் போல வீழ்ச்சி; இரண்டும் சேர்ந்தால் வரும் பாதைக்குப் பரவளைவு என்று பெயர். கூம்பைச் சீவினால் வரும் அந்த வளைவைக் கிரேக்கர்கள் முன்பே அறிந்திருந்தார்கள். அது எறிந்த கல்லின் பாதை என்பதுதான் தெரியாமல் இருந்தது.

இனி நாமே ஒரு கணக்குப் போடுவோம். ஒரு பையன் மாங்காய்க்குக் கல் எறிகிறான். கல்லுக்கு மேல்நோக்கிய வேகம் விநாடிக்கு 15 மீட்டர், பக்கவாட்டு வேகம் விநாடிக்கு 8 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பூமி இழுக்காவிட்டால் கல் விநாடிக்கு 15 மீட்டராக ஏறிக்கொண்டே போகும். பூமி இழுப்பதால் காலத்தின் வர்க்கத்தை ஏறக்குறைய ஐந்தால் பெருக்கிக் கழிக்க வேண்டும். துல்லியமாக 4.9, கணக்கு எளிதாக இருக்க 5 என்று கொள்வோம். மாங்காய் 10 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கல் எப்போது அந்த உயரத்தில் இருக்கும்?

15 தடவை காலம், கழித்தல் 5 தடவை காலத்தின் வர்க்கம், சமம் 10. இதை ஐந்தால் வகுத்து ஒழுங்கு செய்தால், காலத்தின் வர்க்கம், கழித்தல் 3 தடவை காலம், கூட்டல் 2, சமம் பூச்சியம். இதற்கு விடைகள் 1, 2. பரீட்சையில் பிள்ளைகள் குழம்புவது இங்கேதான்: ஒரு கேள்விக்கு எப்படி இரண்டு விடை? கல்லைப் பாருங்கள், குழப்பம் தீரும். ஏறும்போது முதல் விநாடி முடிவில் அந்த உயரத்தைத் தொடுகிறது. இறங்கும்போது இரண்டாம் விநாடி முடிவில் மறுபடியும் அதே உயரத்தைத் தொடுகிறது. ஒன்றரை விநாடியில் உச்சி, 11.25 மீட்டர். மூன்றாம் விநாடியில் தரை. அதற்குள் பக்கவாட்டில் எட்டு மூன்று 24 மீட்டர் போயிருக்கும். அங்கே யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டு எறிவது நல்லது.

அதே பையன் 20 மீட்டர் உயரமான குன்றின் விளிம்பில் நின்று அதே வேகத்தில் எறிந்தால் கல் எப்போது அடிவாரத்தை அடையும்? கணக்குப் போட்டால் 4 என்று ஒரு விடையும், கழித்தல் 1 என்று இன்னொரு விடையும் வரும். பிரம்மகுப்தரின் கடன் எண் வந்துவிட்டது! கழித்தல் 1 என்றால், எறிவதற்கு ஒரு விநாடி முன்பு. குன்றே இல்லாமல் இந்தக் கல் அடிவாரத்திலிருந்து புறப்பட்டு இதே வேகத்தோடு இந்த இடத்தைக் கடந்திருந்தால், ஒரு விநாடிக்கு முன்பு அது தரையில் இருந்திருக்கும். சமன்பாட்டுக்குக் குன்றும் தெரியாது, பையனும் தெரியாது. வளைவு மட்டுமே தெரியும். எனவே வேண்டாத விடையைக் காரணம் சொல்லித் தள்ளுவது நம் வேலை. இன்னொரு செய்தி. தோட்டத்தை விட்டு அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபோன குடும்பங்கள் நம்மில் பல உண்டு. 20 மீட்டர் உயரத்திலிருந்து கைதவறி விழும் பூச்சட்டி இரண்டே விநாடியில் தரைக்கு வருகிறது. வரும்போது அதன் வேகம் மணிக்குச் சுமார் 72 கிலோமீட்டர். சன்னல் ஓரத்தில் சட்டி வைத்திருப்பவர்கள் இந்த எண்ணை மறக்க வேண்டாம்.

இப்படிச் சமன்பாடாக எழுதியது கலிலியோ அல்லர். அவர் எல்லாவற்றையும் படங்களாலும் விகிதங்களாலும் நிறுவினார். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று வாதிட்டதற்காக 1633இல் தண்டிக்கப்பட்டு வீட்டுக் காவலில் இருந்தவருக்கு இத்தாலியில் நூலை அச்சிட வழியில்லை. ஆகவே ஒல்லாந்து நாட்டின் லைடன் நகரில் 1638இல் அது வெளிவந்தது. அதற்குள் அவருக்குக் கண் பார்வை முழுவதும் போய்விட்டது. அச்சான தம் நூலை அவர் கையால் தடவிப் பார்த்திருக்கலாம், படித்திருக்க முடியாது. 45 பாகைதான் மிகத் தொலைவு போகும் என்று பீரங்கிக்காரர்கள் பழக்கத்தால் அறிந்ததை அவர் அதில் நிறுவிக் காட்டினார். அதோடு 40 பாகையில் சுட்டாலும் 50 பாகையில் சுட்டாலும் குண்டு ஒரே தொலைவில் விழும் என்பதையும் நிறுவினார்.

வியப்பு என்னவென்றால், அதே லைடன் நகரில் அதற்கு முந்திய ஆண்டு, 1637இல், தேக்கார்த் என்ற பிரெஞ்சு அறிஞரின் நூல் வெளியாகியிருந்தது. வளைவுகளைச் சமன்பாடுகளாக எழுதும் வழியை உலகுக்குக் கற்பித்த நூல் அது. கல்லின் பாதையைச் சொன்ன நூலும், பாதையைச் சமன்பாடாக்கும் நூலும் ஒரே ஊரில் ஓராண்டு இடைவெளியில் அச்சாகியிருக்கின்றன. பின் வந்தவர்கள் இரண்டையும் சேர்த்துக்கொண்டார்கள். நம் பிள்ளைகள் நான்காம் படிவத்தில் கற்பது அந்தச் சேர்க்கையின் பாதியை. மீதியைப் பௌதிக வகுப்பில் கற்கிறார்கள்.

ஆனால் உண்மைப் பீரங்கிகள் இந்தக் கணக்குக்கு முழுக்கக் கட்டுப்படவில்லை. 1742இல் இங்கிலாந்தைச் சேர்ந்த பெஞ்சமின் ராபின்ஸ், வேகமாகப் பாயும் குண்டைக் காற்று எவ்வளவு தடுக்கிறது என்று அளந்து காட்டினார். தடை எல்லோரும் நினைத்ததைவிட மிகப் பெரிதாக இருந்தது. காற்று குறுக்கிடும் என்பதைக் கலிலியோவே சொல்லியிருந்தார். மெதுவாகப் போகும் பளுவான பொருளுக்கே தம் கணக்கு நன்றாகப் பொருந்தும் என்றார். பூப்பந்து ஆட்டத்தைப் பார்ப்பவர்களுக்கு இது கண்ணெதிரே தெரியும். உயரே தூக்கி அடித்த இறகுப்பந்து பரவளைவில் போவதில்லை. சீறிக்கொண்டு ஏறி, மூச்சு நின்றாற்போல் தயங்கி, ஏறக்குறைய நேராகக் கீழே விழுகிறது. பார்த்தால் தார்தாலியா வரைந்த படம் போலவே இருக்கிறது!

பிள்ளைகளோடு உட்கார்ந்து போட ஒரு கணக்குத் தருகிறோம். ஒரு கல்லை நேர் மேலே விநாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் எறிகிறோம். அது 20 மீட்டர் உயரத்தில் இருப்பது எந்தெந்த விநாடிகளில்? விடை இரண்டு வரும். எது ஏறும்போது, எது இறங்கும்போது என்றும் எழுதுங்கள்.